பேரை மாத்தியாச்சு

நாத்தனாருக்கு அவார்டு என்றதும் அன்னபுஷ்பத்துக்குத் தலைகால் புரியவில்லை. மாவு மில்லில் சொன்னாள், தண்ணீர் லாரி வரிசையில் சொன்னாள், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். "எங்க ஷீபாவுக்கு யுனிவர்சிட்டி லைப்ரரில அவார்டு குடுக்குறாங்கோ. அத்தினி பசங்க எழுதி இவளுதுதான் பஸ்ட்டாம்." பென்னலூரில் பாதிப் பேருக்கு லைப்ரரியில் எதற்கு அவார்டு கொடுக்கிறார்கள் என்றே விளங்கவில்லை. நிறைய புத்தகம் படித்ததற்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்றே சொல்லி வைத்தாள். அவளுக்கும் அவ்வளவாக விளங்கவில்லை என்பதை வெளியில் காட்டிக்கொள்வானேன்?

விஷயம் இதுதான். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் நூலகத்தின் பேரில் ஒரு விருது உண்டு. நூலகத்தை நன்றாகப் பயன்படுத்தி, சிறப்பாக ஆய்வு செய்த மாணவருக்குக் கேடயம், சான்றிதழ், மேடை, போட்டோ எல்லாம் கிடைக்கும். ஆய்வைப் பைண்டு செய்து கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள், வெப்சைட்டிலும் போடுவார்கள். ஷீபா சமூகப்பணி எம்.ஏ. கடைசி வருஷம். அவள் ஆய்வு எதைப் பற்றி? ஒரகடம் கம்பெனிகளில் அசெம்பிளி லைனில் நிற்கிற பெண்கள் ஏன் தண்ணீரே குடிப்பதில்லை என்பதைப் பற்றி. வெளிநாட்டுக்காரன், உள்நாட்டுக்காரன் எழுதியது என்று அறுபது எழுபது புத்தகம் புரட்டியிருந்தாள். ஆனால் சரக்கு முழுக்க வந்த இடம் அவள் வீட்டு அடுப்படி. சொன்ன வாய் அன்னபுஷ்பத்தினுடையது.

அன்னபுஷ்பம் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கான்ட்ராக்ட். கல்யாணமாகி யாக்கோபு வீட்டுக்கு வந்த வருஷம் சேர்ந்தது, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தும் கான்ட்ராக்ட்தான். இந்த வருஷம் லைனில் சில பேரை பர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள் என்று பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்டதிலிருந்து அவள் ஒரு நாள் லீவு போடவில்லை. காய்ச்சலோடு போனாள், மாமியாரை அடக்கம் பண்ணிவிட்டு அன்றைக்கே ஷிப்டுக்குப் போனாள். பர்மனென்ட் ஆகிவிட்டால் 'நாளைலேருந்து வராத' என்று எவனும் போனில் சொல்ல முடியாது. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஜெபத்தில்கூட அதற்கு மேல் கேட்டதில்லை.

லைனில் ஒண்ணுக்குப் போவது அத்தனை லேசில்லை, தண்ணீர் குடிக்காததும் அதனால்தான். போகிறவளுக்குப் பதில் நிற்க ஒரு ரிலீவர் வேண்டும். மொத்த லைனுக்கும் ஒரே ரிலீவர், அவளையும் பாதி நாள் பேக்கிங்குக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சூப்பர்வைசர் கொம்பையாவிடம் போய் நின்றால், "இப்பந்தானே போனிய?" என்று எல்லார் காதிலும் விழக் கேட்பார். திருநெல்வேலிக்காரர், கெட்டவர் இல்லை, அவர் தலைக்கு மேலேயும் டார்கெட் உட்கார்ந்திருக்கிறது. அதற்காக மூத்திரம் நின்றுவிடுமா?

பெண்கள் தாங்களே ஒரு வழி பண்ணிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தி தலைக்கு மேலும் ஒரு மஞ்சள் லைட் உண்டு. வயரோ கனெக்டரோ சரியில்லை என்றால் சுவிட்சை அமுக்க வேண்டும், லைட் எரியும், லைன் நிற்கும், கொம்பையா ஓடி வந்து பார்ப்பார். டீ முடிந்து கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருத்தி முறை வைத்து அமுக்குவாள். "கனெக்டர் உக்கார மாட்டேங்குது சார்." அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மற்றவர்கள் ஓடிப்போய் வந்துவிடுவார்கள். இன்றைக்கு அன்னபுஷ்பம் என்றால் நாளைக்கு காவேரி, அப்புறம் செங்கமலம், அப்புறம் கலைமணி. திட்டு வாங்குவதும் முறைப்படிதான். யாரும் யாருக்கும் சத்தியம் பண்ணிக்கொடுக்கவில்லை, ஆனால் ஒருத்தியும் முறை தவறியதில்லை.

இதை ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சிரிக்கச் சிரிக்க ஷீபாவிடம் சொன்னாள். ஷீபா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அண்ணி, இது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா?"

"இதுல இன்னாடி பெரிய விஷயம்? ஒண்ணுக்கு அடக்க முடில, அவ்ளோதான்."

"இல்ல அண்ணி. இதுக்கு எதிர்ப்புன்னு பேரு. சத்தமில்லாத எதிர்ப்பு. இத நான் எழுதட்டா?"

அன்னபுஷ்பத்துக்கு முதலில் பக்கென்றது. "எழுதிட்டு என் வேலைக்கு வேட்டு வெச்சிடாத தாயே. பர்மனென்ட் போடற நேரம்."

"பேர மாத்திடுவேன் அண்ணி. எல்லார் பேரையும் மாத்திடுவேன். ஆய்வுன்னா அப்படித்தான் செய்யணும், அதுக்கு ரூலே இருக்கு." ஷீபா பொய் சொல்கிற பெண் இல்லை. எழுதி முடித்ததும் இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொல்லிக் காட்டினாள். அன்னபுஷ்பம் மலர்விழி ஆகியிருந்தாள். காவேரி பூங்கொடி. "பூங்கொடியா! அவ கீற சைசுக்கு!" என்று அன்னபுஷ்பம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பென்னலூரிலிருந்து வரும் மலர்விழி, மாத்தூரிலிருந்து வரும் பூங்கொடி, குன்றத்தூரிலிருந்து வரும் இன்னொருத்தி, படப்பையிலிருந்து வரும் மற்றொருத்தி என்று ஷீபா படித்துக்கொண்டே போனாள். எல்லாம் காதில் விழுந்தது. ஒன்றும் உறைக்கவில்லை. வேறு பேரில் தன்னைக் கேட்கிற குஷியில் இருந்தாள் அவள்.

விருது நாளன்று வாரலீவு. கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, ஷீபாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து போனாள். யாக்கோபுக்குக் கன்டெய்னர் யார்டில் டியூட்டி, அவன் வரவில்லை. கேட்டில் கட்டியிருந்த பேனரைக் காட்டி ஷீபா சொன்னாள்: "அண்ணி, சீஃப் கெஸ்ட் யாருன்னு பாருங்க. உங்க கம்பெனி ஹெச்.ஆர். ஹெட். லைப்ரரிக்கு ஏ.சி. ஹால் கட்டிக் குடுத்ததே உங்க கம்பெனிதானாம்."

பேனரில் அந்த ஆள் சிரித்துக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்குத் தூரத்திலிருந்து பார்த்த முகம். அன்னபுஷ்பம் ஷீபாவின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"நல்லதுதானே அண்ணி? அவங்க காதுல விழத்தானே எழுதுனது. பேரத்தான் மாத்தியாச்சே."

மாத்தியாச்சுதான். அன்னபுஷ்பம் மூச்சை விட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

நூலகர் ரகுபதி சார் வாசலில் நின்று வரவேற்றார். ஷீபாவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. "உங்க பொண்ணும்மா ராத்திரி லைப்ரரி மூடற வரைக்கும் நகர மாட்டா. எங்க நாற்காலிக்கே அவளைத் தெரியும்" என்று அன்னபுஷ்பத்திடம் சொன்னார். நாத்தனார் என்று அவள் திருத்தவில்லை. பெண் என்றே இருக்கட்டுமே!

சீஃப் கெஸ்ட் பேச எழுந்தார். நல்ல தமிழ், நிதானமான குரல். "பொதுவா விழாவுக்கு வர்றவங்க புத்தகத்தோட அட்டையைப் பார்த்துட்டுப் பேசுவாங்க. நான் இந்த ஆய்வை முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் படிச்சேன். எங்களுக்கு ஆடிட்டர் வந்தாக்கூட இவ்வளவு விவரம் சொல்ல மாட்டாங்க." எல்லாரும் சிரித்தார்கள், கைதட்டினார்கள். அன்னபுஷ்பமும் தட்டினாள், பாவம். ஒரு பத்தியைத் தமிழாக்கி வாசித்தார். மஞ்சள் லைட், கனெக்டர், முறை வைத்து அமுக்குவது எல்லாம் வந்தது. முன்வரிசைப் பேராசிரியர்கள் 'அடடா' என்று தலையாட்டினார்கள். துரும்பு போன்ற பெண்கள் தந்திரமாகப் பிழைக்கிறார்கள் என்று அவர்களுக்கு ஒரே பூரிப்பு.

கேடயம் வாங்கியதும் ஷீபா மைக்கைப் பிடித்தாள். "எங்க அண்ணி இல்லன்னா இந்த ஆய்வே இல்ல. அவங்க வந்திருக்காங்க. அண்ணி, மேல வாங்க." பாசம்தான், வேறென்ன? பாசத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது! அன்னபுஷ்பம் மாட்டேன் மாட்டேன் என்று தலையாட்டினாள். ரகுபதி சார் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போய் மேடையில் நிறுத்தினார்.

போட்டோக்காரன் நெருங்கி நிற்கச் சொன்னான். ஹெச்.ஆர். சார் அவள் பக்கத்தில்தான் நின்றார். சென்ட் வாசனை. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"பென்னலூரா?"

"ஆமா சார்" என்றாள் அன்னபுஷ்பம்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் விளங்கியது. ஊரைக் கேட்கவில்லை அந்த ஆள். அவளைக் கூப்பிட்டுப் பார்த்தார். கம்பெனியில் அவளை அன்னபுஷ்பம் என்று கூப்பிட்டவன் எவன்? மாசத்துக்கு மாசம் மாறுகிற கான்ட்ராக்ட் பிள்ளைகளின் பேரை யார் மனப்பாடம் பண்ணுவது? ஏறுகிற பஸ் ஸ்டாப்தான் அங்கே பேர். "பென்னலூரு, ஸ்பீடு ஆகட்டும்." "மாத்தூரு எங்க, இன்னும் வரலியா?" "படப்பை, ஓ.டி. இருக்குதியளா?" இத்தனை வருஷமாக அந்தப் பேருக்குத்தான் அவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். மேடையிலும் திரும்பிப் பார்த்துவிட்டாள். யாருக்கும் தெரியாத பேரை மாற்றி எழுதிவிட்டு, ஊருக்கே தெரிந்த பேரை அப்படியே விட்டிருக்கிறார்கள், இவளும் ஷீபாவும் சேர்ந்து.

கீழே இறங்கியதும் ஷீபாவை ஒரு தூண் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஸ்டாப்ப ஏண்டி எழுதுன?"

"எந்த ஸ்டாப்ப?"

"பென்னலூரு, மாத்தூரு, குன்றத்தூரு... எங்கள அப்டித்தாண்டி கூப்புடுவாங்க! அந்தாளு கண்டுபுட்ச்சிட்டாரு."

"பேரத்தான் மாத்திட்டேனே அண்ணி..." ஷீபா பாதியில் நிறுத்தினாள். அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது. அறுபது புத்தகத்தில் ஒன்றிலும் இது இல்லை. இருவரும் ஓடினார்கள்.

ரகுபதி சார் மேடை மேஜையிலிருந்த மாலைகளை எடுத்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையிலேயே வருத்தப்பட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். "வெப்சைட்ல போட்டாச்சேம்மா. விருது வாங்கின ஆய்வைத் திரும்ப எடுத்தா காரணம் எழுதணும். காரணத்தை எழுதினா அதுவும் நாலு பேருக்குத் தெரியத்தானே செய்யும்? எப்படிப் போட்டாலும் சிக்கல்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "தவிர, சீஃப் கெஸ்ட் பேசறதுக்குத் தோதா இருக்கட்டும்னு அவருக்குப் போன வாரமே ஒரு காப்பி அனுப்பிட்டோம்" என்றார். மாலையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அதை ஷீபாவிடமே கொடுத்தார்.

அடுத்த ஷிப்டுக்குப் போனபோது மஞ்சள் சுவிட்சுகளுக்கெல்லாம் மூடி போட்டுப் பூட்டியிருந்தது. சாவி கொம்பையா இடுப்பில். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. காவேரி பஸ்ஸில் வரவில்லை. செங்கமலத்தையும் கலைமணியையும் காணோம். டீ நேரத்தில் செய்தி வந்தது: கான்ட்ராக்டர் மூன்று பேருக்கும் முந்தின ராத்திரியே போன் போட்டு, நாளைலேருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். காரணம் கேட்டதற்கு, வேண்டுமென்றே லைனை நிறுத்தியவர்களுக்கு எந்தக் கம்பெனியிலும் இடமில்லை என்றானாம்.

அன்னபுஷ்பம் தன் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். மணி அடிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் கொம்பையா வந்தார். "பென்னலூரு, ஆபீஸ்ல கூப்பிடுதாங்க." அப்புறம் என்ன நினைத்தாரோ, "போங்க தாயி, உங்களுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

ஹெச்.ஆர். சார் எழுந்து நின்று உட்காரச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த பில்டிங்கில் அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள். பர்மனென்ட் ஆர்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அதில் அன்னபுஷ்பம் என்று முழுப் பேரும் இனிஷியலோடு அச்சாகியிருந்தது.

"உண்மையைச் சொல்றவங்களுக்குக் கம்பெனி மரியாதை கொடுக்கும்னு எல்லாருக்கும் தெரியணும்மா" என்றார்.

"நான் கம்பெனிக்கு ஒண்ணும் சொல்லல சார்."

"தெரியும். லைப்ரரிக்குச் சொன்னீங்க. எங்களுக்கு வந்து சேர்ந்துச்சு." சிரித்தார். பேனாவை மூடி கழற்றியே நீட்டினார். "லைன்ல யாராவது கேட்டா, நான்தான் சொன்னேன்னு நீங்க சொல்ல வேண்டாம். அவங்களே புரிஞ்சுக்குவாங்க."

கெட்டிக்காரன்! ஒருத்தியை மேலே தூக்கி வைத்தான், மூன்று பேரைக் கீழே தள்ளினான். இனி அந்த லைனில் எவளும் எவளோடும் முறை பேச மாட்டாள். அன்னபுஷ்பத்துக்கு அது அந்த நாற்காலியிலேயே புரிந்தது. 'அவங்க மூணு பேரையும் திரும்ப எடுத்துக்கங்க சார்' என்று கேட்க வாயைத் திறந்தாள். வந்தது "தேங்க்ஸ் சார்". கையெழுத்துப் போட்டாள். அவமானமாக இருந்தது, பிடுங்கித் தின்றது. கூடவே, அந்த ஆர்டரை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்தபோது நெஞ்சு நிறைந்து சந்தோஷமாகவும் இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ரிலீவர் இருக்கிறாளா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் பாஸ்டர் விருது, வேலை இரண்டையும் சேர்த்து அறிவித்தார். ஒரே குடும்பத்தில் ஒரே மாதத்தில் கர்த்தர் இரட்டிப்பான நன்மை செய்தாராம். சாட்சி சொல்ல வரச் சொன்னார். அன்னபுஷ்பம் தொண்டை சரியில்லை என்று சைகை காட்டினாள். ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சபையே சொன்னது.

ஷீபா சில நாள் சோறு தின்னாமல் கிடந்தாள். அண்ணியின் மடியில் தலை வைத்து அழுதாள். பொய் அழுகை இல்லை. அப்புறம் பல்கலைக்கழகத்திலிருந்து, உங்கள் ஆய்வால் சமூகத்துக்குக் கிடைத்த பயனை எழுதித் தாருங்கள், வெப்சைட்டில் போட வேண்டும் என்று கேட்டார்கள். எழுதிக் கொடுத்தாள். ஆய்வில் பங்கெடுத்த ஒரு பெண் தொழிலாளிக்கு நிரந்தர வேலை கிடைத்திருக்கிறது என்று எழுதினாள். பொய்யில்லையே! மூன்று பேரைப் பற்றியும் எழுதினேன், அவர்கள்தான் இடம் போதவில்லை என்று வெட்டிவிட்டார்கள் என்றாள். அன்னபுஷ்பம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வாரலீவில் மாத்தூருக்குப் போனாள். காவேரி தெருக்குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பார்த்தாள், குடத்தை மாற்றி வைத்தாள்.

"நான் போட்டுக் குடுக்கலடி காவேரி. ஷீபா பரிட்சைக்கு எழுதினா, சும்மா பேசிகினு இருந்தப்ப சொன்னது..."

"தெரியும். செங்கமலம் பையன் போன்ல படிச்சுக் காட்டினான்." காவேரி குழாயை மூடினாள். "எனக்கு பூங்கொடின்னு வெச்சிருந்தீங்களாமே."

அன்னபுஷ்பம் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையைச் சொன்னாள். "நான் வேணா வேல வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடட்டாடி?"

"குடுத்தா எங்கள எடுத்துக்குவானா?"

"மாட்டான்."

"அப்பறம் இன்னாத்துக்கு? நீ வேலய வுட்டுட்டு வந்து நின்னா, பாவம்னு நான் உன்ன மன்னிச்சாவணும். வேலைல இருந்தீன்னா வாய் நெறய திட்டலாம். எனக்கு இப்ப மன்னிக்கற நெலம இல்லக்கா, திட்டணும்போலதான் கீது. போ, போய் வேலயப் பாரு. இங்க வராத."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு காவேரி வீட்டுக்குள் போய்விட்டாள். அன்னபுஷ்பம் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். எழுதிக் கொடுத்துவிடு என்று காவேரி சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? செய்திருக்க மாட்டாள். அது காவேரிக்கும் தெரியும். மாத்தூருக்கு பஸ் ஏறும்போதே அன்னபுஷ்பத்துக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்கப் போயிருந்தாள்.